நாலே முக்கால் ஸ்டார் பந்து

அந்தப் பந்தை வாங்குவதற்கு முன்னால் பெலிக்ஸ் இருநூறுக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களைப் படித்திருந்தான். தன்னைப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று அவன் மனைவி ஜெபசெல்வி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் இல்லை. அவளைப் பற்றி எளாவூரில் ஒரே ஒரு அத்தையிடம்தான் கேட்டார்கள். அந்த அத்தைக்கும் அன்றைக்குக் காது சரியில்லை.

பெலிக்ஸ் சுண்ணாம்புக்குளத்துக்காரன். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், வெளிச்சம் எட்டாத ஸ்டோர்ஸ் ரூமில், பதினோரு வருஷமாக போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனியில் திடீரென்று பவுலிங் டீம் ஒன்று முளைத்தது. கிரிக்கெட் பவுலிங் இல்லை. சென்னையில் ஏசி போட்ட மாலுக்குள், கண்ணாடி மாதிரி மின்னும் மரத்தரையில் கனத்த பந்தை உருட்டி, கோடியில் நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். சும்மா கூட்டம் சேர்க்கக் கூடப் போன பெலிக்ஸ், கையில் கிடைத்த பந்தை நேராக விட்டெறிந்து கட்டைகளைச் சிதறடித்தான். அன்றைக்குத்தான் கம்பெனிக்கு அவன் பெயர் தெரிந்தது.

நாலு பேர் டீம். ஜெயிக்கிறார்களோ இல்லையோ, பெங்களூருக்கு விமானத்தில் போவார்கள். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு இரண்டு பேர் மோத வேண்டும். ஒருவன் பெலிக்ஸ். இன்னொருவர் மனிதவளத் துறை மேலாளர் ஹரிஹரன். பாங்காக்கில் வாங்கிய சொந்தப் பந்தைத் தனிப் பையில், தனித் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கி வருகிறவர் அவர்.

அந்தத் துண்டைப் பார்த்த நொடியிலேயே பெலிக்ஸுக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. சொந்தப் பந்து இல்லாமல் விமானம் ஏற முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. இரவும் பகலும் போனில் ரிவ்யூ பார்த்தான். எங்கேயோ அமெரிக்காவில் தொப்பி போட்ட ஒரு ஆள் பந்தை உருட்டுவதும், அது கடைசியில் வளைந்து போய்க் கட்டைகளை அடிப்பதும், பிறகு அந்த ஆள் கோயில் பிரசங்கம் மாதிரி அரை மணி நேரம் பேசுவதுமாக இருந்தது. பந்துக்குள் 'கோர்' என்று ஒன்று இருக்கிறதாம். வளைவுக்குப் பேர் ஹூக்காம். பெலிக்ஸ் இதையெல்லாம் ஏரிக்கரையில் வந்து சொன்னபோது, வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க ஸ்டார் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பிலோமினா வீட்டு நண்டுக் குழம்புக்கு நாலரை. பாதிரியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு மூன்று. நீளம் குறைந்தால் மூன்றரை தரலாம் என்று குறிப்பு. பெலிக்ஸின் புருஷ லட்சணத்துக்கு எத்தனை என்று கேட்டவளிடம், இன்னும் உபயோகித்துக்கொண்டிருப்பதாகவும் முடிவில் சொல்வதாகவும் ஜெபசெல்வி பதில் சொன்னாள்.

நாலே முக்கால் ஸ்டார் வாங்கிய பந்து ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தது. கருநீலத்தில் வெள்ளி இழை ஓடிய பந்து. பிரித்துப் பார்க்கப் பாதி ஊர் நின்றது. பெலிக்ஸின் மச்சான் நீலமேகம் அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், வெரல் உடறதுக்கு ஓட்டையே காணோம். அடைச்சி அனுப்பிட்டானா?"

பெலிக்ஸுக்கு ரத்தம் சுண்டிவிட்டது. உடனே உட்கார்ந்து, ஓட்டையில்லாத பந்தை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒற்றை ஸ்டார் போட்டான். இது மாதிரிப் பந்துகள் ஓட்டையில்லாமல்தான் வரும், ஆளுடைய விரலை அளந்து பிறகுதான் துளைப்பார்கள் என்று மூன்று தேசத்து ஆட்கள் சிரித்துப் பதில் எழுதினார்கள். இருநூறு ரிவ்யூவில் ஒருத்தனும் இதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

துளைக்க நீலமேகம் இருந்தான். பைபர் படகு ரிப்பேர் செய்கிறவன். டிரில் மெஷின் அவன் கையில் கரண்டி மாதிரி. அளவு கேட்டான். இங்கேதான் பெலிக்ஸின் படிப்பு உதவிக்கு வந்தது. விரல் நன்றாக வீங்கியிருக்கும்போதுதான் அளவெடுக்க வேண்டும், ஆட ஆட விரல் வீங்கும் என்று தொப்பிக்காரன் சொல்லியிருந்தான். நாலு பந்து உருட்டிவிட்டு அளந்து பார்க்கச் சொன்ன யோசனை அது. பெலிக்ஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல், விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை ஏரியின் உப்புத்தண்ணீரில் நின்று இறால் வலை இழுத்தான். கரையேறியபோது ஒவ்வொரு விரலும் பூவன் பழம் மாதிரி இருந்தது. அந்தச் சூட்டிலேயே நீலமேகம் அளந்தான், துளைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

போட்டியன்று ஒரு வேன் நிறைய ஊர் கிளம்பியது. மாலின் ஏசியில் எல்லாருக்கும் குளிரெடுத்தது. ஹரிஹரன் துண்டை உதறி, பாங்காக் பந்தைத் துடைத்தார். பெலிக்ஸும் துண்டை உதறினான். அது ஜெபசெல்வியின் கல்யாணச் சீர்த் துண்டு. பந்துக்குள் விரலை விட்டான். எங்கேயும் தொடவில்லை. குளிரில் அவன் விரல்கள் பழையபடி வெண்டைக்காயாகிவிட்டிருந்தன. துளைகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றுவிட்டன.

முதல் பந்தைப் பின்னால் வீசியபோதே அது கழன்று, பார்க்க வந்தவர்களின் பக்கம் தொப்பென்று விழுந்தது. பிலோமினா காலைத் தூக்கிக்கொண்டாள். அடுத்தது முன்னால் விழுந்து, இறங்கினால் கணக்கில் சேராத ஓரக் கால்வாயில் இறங்கியது. மூன்று சுற்று முடிந்தும் பெலிக்ஸின் பெயருக்கு நேரே முட்டை முட்டையாக நின்றது.

அவனைக் காப்பாற்றியது ஹரிஹரனின் பந்துதான். அதுவும் நிறைய ஸ்டார் வாங்கிய பந்து. எண்ணெய் பூசிய தரையில் அழகாக வளையும் என்று பேர் வாங்கியது. இந்த மாலில் தரைக்கு எண்ணெய் காட்டி எத்தனை நாளானதோ, பந்து பாதியிலேயே வளைந்து, பக்கத்து ஆளைக் கும்பிடப் போவது போலக் கால்வாய்க்குள் போய் விழுந்தது.

"லேன் ரொம்ப டிரை, பெலிக்ஸ்," என்றார் அவர், வேலைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புகிற குரலில். "என் பந்து இதுக்கு ஓவர் குவாலிஃபைட்."

அவர் பந்தை மாற்றவில்லை. பாங்காக் பந்தோடு வந்தவர் மாலில் கிடக்கிற வாடகைப் பந்தைத் தொடுவாரா? பெலிக்ஸுக்கும் அதே வியாதிதான். வேன் நிறைய ஆட்கள். அத்தனை பேரிடமும் கோர், ஹூக் என்று அளந்துவிட்டிருக்கிறான். பின்னால் திரும்பினான். பெங்களூர்க் குளிருக்கென்று ஜெபசெல்வி ஏற்கெனவே ஸ்வெட்டர் வாங்கிப் பக்கத்து வீடெல்லாம் காட்டிவிட்டாள் என்பது நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள்.

"இதுக்குன்னு பதினோரு வருசம் கழிச்சி கூப்ட்டுக்கிறாங்க. ஊர்ல இன்னா சொல்வாங்கன்னு நான் பாத்துக்கறேன். எது வெரல்ல நிக்கிதோ அத எடுங்க."

பெலிக்ஸ் வாடகைப் பந்துகளின் வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தான். நின்றது ஒன்றுதான். பிள்ளைகள் விளையாடுகிற ரோஸ் கலர்ப் பந்து. ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. பின்னால் நீலமேகம் சத்தமாகவே சிரித்தான். பெலிக்ஸ் சிரிப்பை முதுகில் வாங்கிக்கொண்டு, வீச்சு வலையை விசிறுகிற தோளால் அதை விட்டெறிந்தான். ஹூக்கும் இல்லை, வளைவும் இல்லை. ரோஸ் பந்து மிரண்ட கோழி மாதிரி நேரே ஓடி ஒன்பது கட்டைகளைச் சாய்த்தது.

அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. கட்டை விழ விழ, படகு கரையேறும்போது போடுகிற சத்தத்தைப் போட்டார்கள். மாலின் காவலாளி வந்து பார்த்துவிட்டு, அவரும் நின்றுவிட்டார். ஹரிஹரன் தொண்ணூற்றாறில் முடித்தார். பெலிக்ஸ் எண்பத்தெட்டில் கடைசிச் சுற்றுக்கு வந்தான். ஒன்பது வேண்டும். முதல் உருட்டலில் ஏழு. மிச்சம் மூன்று கட்டைகள்: இடப்பக்கம் ஒட்டினாற்போல் இரண்டு, வலக்கோடியில் தனியாக ஒன்று. தொப்பிக்காரன் இதற்கு என்னவோ சொல்லியிருந்தான். பெலிக்ஸுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. நல்லதாகப் போயிற்று. இடப்பக்கம் பார்த்து விட்டான். முதல் கட்டை சாய்ந்தது. அது பக்கத்திலிருந்ததன் மேல் சரிந்தது. அந்த இரண்டாவது, கள் குடித்தவன் வீடு தேடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, எல்லாரும் மூச்சை அடக்கியிருந்தபோது படுத்தது.

தொண்ணூற்றேழு. ஜெபசெல்வி ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். பிலோமினா ஸ்தோத்திரம் சொன்னாள். நீலமேகம் தன் டிரில் மெஷினால்தான் எல்லாம் ஆனதென்று காவலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தான்.

அந்த ஆரவாரத்தில் ஹரிஹரன் மெல்லப் போய், யாரும் பார்க்காதபோது ரோஸ் பந்தைத் தூக்கிப் பார்த்தார். கையிலேயே எடை பார்த்தார். இதில் என்ன கோர் இருக்கும் என்று யோசிக்கிற முகம். மூன்று விரலையும் உள்ளே விட்டார். விட்டது சுலபம். எடுக்க வரவில்லை.

தேர்வான டீமுக்கு ஜெர்ஸி கொடுக்க வேண்டியவர் மனிதவள மேலாளர். கேமரா தயாராக நின்றது. பெலிக்ஸ் முகம் கழுவி, தலை வாரி, முன்னால் வந்தான். பெயர் அச்சடித்த ஜெர்ஸியை ஹரிஹரன் இடக்கையால் நீட்டினார்.

"மன்னிச்சுக்கோ பெலிக்ஸ், வலக்கை கொஞ்சம் வேலையா இருக்கு," என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நீலமேகம், சோப்புத் தண்ணீரோடு, குந்தி உட்கார்ந்திருந்தான்.