சத்தம் வராத கேமரா

ஐஸ் பெட்டி இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஹவுசிங் போர்டு கட்டியவனுக்கு இந்த வீடுகளில் சாவு என்று ஒன்று விழும் என்பதே தோன்றவில்லை போலிருக்கிறது. நாலு பேர் தூக்கினார்கள், சாய்த்தார்கள், பின்வாங்கினார்கள். சுவரிலிருந்த சுண்ணாம்பைச் சட்டையில் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் மகன் பீம்ராவ் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"பொட்டிய கீயயே வையிங்கப்பா. நைனாவ நாம எறக்கிக்கலாம்."

பெட்டி ஏறாததால் துரை இறங்கினார். நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, மகன் முன்பக்கம் பிடிக்க, தலை சாயாமல் மகள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். முப்பது வருஷம் ஹார்பரில் நிலக்கரி வாரிய உடம்பு. இப்போது நாற்காலியின் கனம்கூட இல்லை. மகிழினி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாடியும் சுவரையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே ஷாமியானா போட்டிருந்தது. பெட்டிக்குள் கிடத்தி, மூடி, கால்பக்கம் பௌத்தர்களின் பஞ்சசீலக் கொடியைப் போர்த்தினார்கள். வெள்ளைப் புடவையில் மனைவி கெங்கம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். மகிழினியால் உட்கார முடியவில்லை. நேராக இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மறுபடி நேராக வைத்தாள். தண்ணீர் பாக்கெட் கொடுத்தவருக்கே திரும்பவும் கொடுத்தாள். "எம்மா, ஒரு எடத்துல குந்தும்மா, பாக்கறவங்களுக்கு தல சுத்துது" என்று அத்தை பவுனம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். மகிழினி உட்கார்ந்து, அத்தை மூக்கைச் சிந்துவதற்குள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். நாலாவது தடவை. கட்டிலுக்கு அடியில் அந்தக் கறுப்புப் பை இருந்த இடத்திலேயே இருந்தது. காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

பைக்குள் இருந்தது மிரர்லெஸ் கேமரா. பழகிப் பார்க்க மூன்று நாள் வாடகைக்கு எடுத்தது. அண்ணனும் தங்கையுமாகக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று வியாசர்பாடி முழுக்கப் படமெடுத்துப் பிழைக்கிறவர்கள். கனத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஓய்ந்துகொண்டு வந்தது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். எதை என்பதில்தான் ஒரு மாதமாக வீடு ரெண்டுபட்டுக் கிடந்தது.

"மிரர்லெஸ்ஸு கழுத்த அறுக்காதுண்ணா. இருட்டுல கூட கண்ண அதுவே புட்ச்சிக்கும். மெயினா சத்தம் வராது. ராயபுரத்துல சர்ச்சு கல்யாணத்துல அந்த ஃபாதர் இன்னா கேட்டாரு? 'ஜெபத்துக்கு வந்தியா, டக்கு டக்குனு தாளம் போட வந்தியா'ன்னு கேக்கல?"

"அந்த பொம்மய மாட்டிகினு மண்டபத்துக்கு போனா, 'கேமராமேன் எப்பப்பா வருவாரு'ன்னு நம்ம கையிலயே கேப்பான். சத்தம் வராததுதான் பேஜாரே. டக்குனு கேட்டாதான் ஜனம் மூச்சு வுடும் மகி. இல்லன்னா நின்னது நின்னமேனிக்கு நின்னுகினே இருக்கும்."

அன்றைக்கு அதைக் கேட்டு மகிழினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

துரைக்குப் போட்டோ என்றால் மூச்சைப் பிடித்தாக வேண்டும். மூச்சு விட்டால் இருமல் வரும், இருமினால் படம் ஆடிப்போகும் என்று யாரோ எந்தக் காலத்திலோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர். கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, சிலையாக நிற்பார். சத்தம் கேட்டதும் கெங்கம்மா பக்கத்திலிருந்து ரெண்டு தட்டு தட்டுவாள். "ஆச்சு. வுடு." புஸ்ஸென்று விடுவார். அவர் இருக்கிற படம் அத்தனையிலும் பலூன் ஊதப் போகிறவர் மாதிரிதான் இருப்பார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நேற்று சாயங்காலம் கெங்கம்மா குடத்தோடு தண்ணி லாரிக்குப் போயிருந்தாள். விளக்குப் போடாத அறை. ஜன்னலோரம் அப்பா. இருட்டில் கேமரா எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று மகிழினிக்குத் தோன்றியது.

"நைனா, ஒரு போட்டோ."

நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்ட மனுஷன், மகள் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டார். தலை வாரினார். மூச்சைப் பிடித்தார்.

கேமராவுக்குள் ஒரு சின்னக் கட்டம் ஓடிப்போய் அவர் கண்ணில் உட்கார்ந்தது. அட, இந்த இருட்டிலா! பட்டனை அழுத்தியவள் விரலை எடுக்கவில்லை. சத்தமே இல்லாமல் படம் மேல் படமாக விழுந்தது. கட்டம் கண்ணை விட்டு நகரவே இல்லை. மகிழினி கட்டத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் சத்தத்துக்காகக் காத்திருந்தார். இருமல் வெடித்த பிறகுதான் கேமராவை இறக்கினாள். நெபுலைசர் வைத்தாள், முதுகை நீவினாள். ராத்திரி அடங்கினமாதிரி இருந்தது. விடிகாலை நாலரைக்கு அடங்கியே போய்விட்டது.

கீழே கெங்கம்மாவின் ஒப்பாரி எழுந்தது. மகிழினி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"'சத்தமே வர்லியே கெங்கா, பாப்பா படம் புட்ச்சுதா'ன்னு கேட்டியே ராசா... 'காலைல கேட்டுக்கலாம், தூங்கு'ன்னு சொன்னனே பாவி... காலைல நான் யார கேப்பேன்..."

சுற்றியிருந்த பெண்கள் என்ன படம், என்ன சத்தம் என்று தெரியாமலே கூட அழுதார்கள். மகிழினி திரும்பித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். அங்கேயும் நிற்க முடியவில்லை. செல்போன் அடித்தது. ஃப்ளெக்ஸ் கடை பாலகணேஷ்.

"அக்கா, பேனருக்கு நைனா போட்டோ இன்னும் வர்ல. ஆள் ரெடியா கீறான்."

"வோட்டர் ஐடியில கீறத போட்டுக்கோ."

"அத்து வேணாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பீம்ராவ். கையில் அந்தக் கேமரா. "நேத்து நீ எட்த்தியாமே. அம்மா அயுதுகினே சொல்லுச்சு."

பிடுங்கப் பார்த்தாள். அவன் கையை உயர்த்திக்கொண்டு கேமராவின் சக்கரத்தைத் திருப்பினான். கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாக. அறுபத்தோரு படம். ஒவ்வொன்றும் எந்த நொடியில் எடுத்தது என்று கேமராவே எழுதி வைத்திருந்தது. கடைசிப் படங்களில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு படங்களில் அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. கெங்கம்மா வழக்கமாக நிற்கும் பக்கம் கண் திரும்பியிருந்தது. அங்கே சுவர்தான் இருந்தது.

பீம்ராவின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"நான்தாண்ணா" என்றாள் மகிழினி. "சத்தத்த ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். நைனா அதுக்காக காத்துகினு கீதுன்னு எனக்கு தோணவே இல்லண்ணா. நான்தான் கொன்னுட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தான்.

"டாக்டர் போன மாசமே கைய விரிச்சிட்டாரு" என்றான். "எப்டியும்..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. 'நீ கொல்லல' என்று ஒரு பொய்யாவது சொல்லமாட்டானா என்று அவளுக்கு இருந்தது.

அவன் சக்கரத்தை மறுபடி திருப்பினான். முதல் படம் வந்தது.

துரை இன்னும் தயாராகவில்லை. ஒரு கையில் சீப்பு. சட்டையில் மேல் பட்டன் போடவில்லை. "இரு, இரு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே சிரிக்கிறார். விழுந்த பல்லின் இடைவெளி தெரிய வாய் திறந்திருக்கிறது.

"இத்து எப்ப எட்த்த?"

"எடுக்கலண்ணா. கை பட்டுகீது. எனக்கே தெரியாது."

பீம்ராவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நைனா மூச்சு வுட்டுகினு கீற படம் நம்ம வூட்ல இத்து ஒண்ணுதான் மகி" என்றான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. தொட்டிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் படத்தைச் செல்போனுக்கு மாற்றி பாலகணேஷுக்கு அனுப்பினான்.

மூன்றரைக்குப் பேனர் வந்து தெருமுனையில் ஏறியது. சீப்பும் கையுமாக ஒருத்தர் சிரிக்கிற கண்ணீர் அஞ்சலியை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. போகிற ஆட்டோக்காரன் ஒருவன் பார்த்துவிட்டுப் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தான்.

நாலு மணிக்குப் புத்தம் சரணம் என்று திரிசரணம் சொல்லி முடித்தார்கள். எடுப்பதற்கு முன் சொந்தங்கள் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம். இந்தப் பக்கத்தில் அது இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. மற்றவர் வீட்டுச் சாவில் அந்தப் படத்தை எடுப்பவளே மகிழினிதான்.

"நீயும் வந்து நில்லும்மா" என்றாள் பவுனம்மாள். "எவனாச்சும் போன்ல எடுக்கட்டும்."

"இல்லத்த. நானே எடுக்கறேன்."

மாலைகள் குவிந்திருந்த மேசையில் பீம்ராவ் இரண்டு கேமராப் பையையும் கொண்டுவந்து வைத்தான். எது என்று கேட்கவில்லை. போய் அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டான். மகிழினி இரண்டையும் பார்த்தாள். காலையிலிருந்து அலைந்த கால் முதல்தடவையாக ஓரிடத்தில் நின்றது. பழைய டிஎஸ்எல்ஆரை எடுத்து மாட்டினாள். கல் மாதிரி கனத்தது. வார், பழைய இடத்திலேயே கழுத்தை அறுத்தது.

"எல்லாரும் இங்க பாருங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மொத்தக் கூட்டமும் ஒரு கணம் அசையாமல் நின்றது. பட்டனை அழுத்தினாள்.

டக்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். தோள்கள் தளர்ந்தன, யாரோ செருமினார்கள், பின்வரிசை கலையத் தொடங்கியது. தலைமாட்டில் நின்ற கெங்கம்மா, கேமராவைப் பார்த்த முகத்தைத் திருப்பாமலே, பழக்கத்தில், பக்கத்திலிருந்த பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினாள்.

"ஆச்சு. வுடு."

கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருந்தது. அவள் கை பட்ட இடத்தில் மட்டும் விலகி, உள்ளே அதே வெள்ளைச் சட்டையின், இப்போது போட்டுவிட்டிருந்த மேல் பட்டன் தெரிந்தது.