காளிக்குக் கொண்டுவந்த வெண்ணெய்

செல்லியம்மாளுக்குப் புருஷன் மணவாளனிடம் பிடிக்காதது ஒன்றுதான். காக்களூர் பட்டறை இரைச்சலில் பழகிய அவன், எந்தப் பேச்சையும் கத்தியே ஜெயிப்பான். பொறுக்கமாட்டாமல் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். கூப்பிட வந்தவனோடு போவதா வேண்டாமா என்று முடிவாகாமலே கோயிலுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே தூணின் ஒரு பக்கம், காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடும் சிவன். மறுபக்கம், ஆட்டப் போட்டியில் நாணத்தால் அப்படித் தூக்காமல் தோற்ற காளி. வீட்டில் சண்டையென்றால், கோபம் தணியக் காளிக்கு வெண்ணெய் சாத்துவது அவ்வூர் வழக்கம். செல்லியம்மாள் முறைத்த முறைப்பில் தடுமாறிய மணவாளன், இலையில் கொண்டுவந்த வெண்ணெயைச் சிவன் மார்பில் அப்பிவிட்டான்.

"இன்னாய்யா பண்றே? கோவிச்சிக்கினது அம்மா. நீ ஐயாவுக்குப் பூசிக்கினு கீறே!"

 சிவன் தூக்கிய கல்காலை மணவாளன் அண்ணாந்து பார்த்தான்.

"ஜெயிக்கணும்னு காலைத் தூக்கினது இவருதானே, செல்லி? மொதல்ல இவரு சூடு ஆறட்டும். அப்பால அம்மா தானா ஆறிடுவாங்க."

அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதேயில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஐயாவுக்கு ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மே."

இலையில் ஒட்டியிருந்த மிச்சத்தை வழித்துக் காளியின் கன்னத்தில் தடவினாள்.

"சரி, வா. துணி மூட்டையை நீதான் தூக்கியாரணும்."