அறிக்கையில் இல்லாதவர்கள்

இஸ்க்ரா அறிக்கையின் முதல் பக்கத்தில் தன் அப்பாவின் பெயரைத் தேடினாள். இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர் மேசையிலிருந்து தோன்கா அதைப் பார்த்தாள். ஊர் நுரையீரல் மருத்துவமனையில் நோயாளிகளின் அட்டைகளைப் பராமரிப்பது தோன்காவின் வேலை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு அட்டையைத் தொலைத்தாள் என்று யாரும் சொன்னதில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவளும் இஸ்க்ராவும் நாலாயிரம் அட்டைகளை உட்கார்ந்து கணினியில் ஏற்றியிருந்தார்கள். இஸ்க்ராவின் அப்பா ஜப்ரியான், மேட்டிலிருக்கும் பீங்கான் தொழிற்சாலையின் அரவைக் கூடத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலில் இறுகி ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அந்த அட்டையைத் தோன்காவே தட்டி ஏற்றினாள். மகளைத் தட்டவிட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மாகாணத்திலிருந்து ஒரு குழு வருகிறது. அரவைக் கூடத்தை மூடச் சொல்வதா, ஓடவிடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கூடத்தில் வேலை செய்து தூசி நோய் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். புது மென்பொருளை நிறுவத் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ஸ்வெத்லின் அரை மணி நேரத்தில் அறிக்கையை அச்சடித்துக் கொடுத்துவிட்டான். மொத்தம் நாற்பத்தொரு பேர்.

தோன்கா தாள்களோடு அவன் அறைக்குப் போனாள்.

"தம்பி, இதுல ஆள் குறையுது."

"குறையாதுக்கா. மெஷின் எண்ணினது. விரல் விட்டு எண்ணினதில்ல."

"அப்ப ஜப்ரியான் எங்க? அந்த அட்டையை நானே ஏத்தினேன்."

"ஏத்தும்போது எங்கயாவது தப்பாத் தட்டியிருப்பீங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

தோன்காவுக்குக் காது மடல் சுட்டது. நேரே தலைமை மருத்துவர் கரம்ஃபிலோவிடம் போனாள். அவர் காபியைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தோன்கா, உனக்கு அட்டை தெரியும். அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்ப்போமே."

அன்று மதியம் சாப்பிடாமல் சந்தைக்குப் போய், பழைய புத்தகக் கடையில் அந்த மென்பொருளைப் பற்றிய ஒரு தடித்த ருஷ்ய மொழிப் புத்தகத்தை வாங்கி வந்தாள். திரையில் எல்லாம் ஆங்கிலம். ருஷ்யமாவது பள்ளிக்கூடத்தில் படித்தது. இஸ்க்ரா ஆங்கில அகராதியோடு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

முதல் முயற்சியில் பக்கத்துக்கு ஒரு பெயராக அச்சுப்பொறி துப்பிக்கொண்டே போனது. மின்கம்பியைப் பிடுங்குவதற்குள் அறையிலிருந்த காகிதம் பாதி தீர்ந்துவிட்டது. அடுத்த முறை தலைப்பு ஒவ்வொரு பெயருக்கு மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சரிசெய்தால் தேதி இருக்க வேண்டிய இடமெல்லாம் வேலிக்கம்பி மாதிரி குறிகள். கட்டத்தை அகலமாக்கினால் தேதி வரும் என்று கண்டுபிடிக்கவே ஒரு முழுக் காலை ஆனது.

"இதைச் செஞ்சவன் கையில கட்டி வர," என்று சுட்டியை மேசையில் அறைந்தாள். அதன் வயிற்றிலிருந்த உருண்டை தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. இஸ்க்ரா தரையில் படுத்து அதை எடுத்தாள். வசந்தம் பிறக்கும் மார்ச்சில் எல்லாரும் கட்டிக்கொள்ளும் மார்த்தெனிச்சாக் கயிறு அவள் மணிக்கட்டில் இருந்தது; அதன் சிவப்பும் வெள்ளையும் தூசியில் ஒரே நிறமாகிப் போயின.

"விட்டுடலாமா அக்கா?"

"விடறதா? நான் தப்பாத் தட்டினேன்னு சொல்லியிருக்கான்."

மூன்று நாள் இப்படியே போனது. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தொகை மட்டும் நாற்பத்தொன்றிலேயே நின்றது. அவள் அறிக்கையின் முகத்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஸ்வெத்லின் போட்டு வைத்த இடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை காலை அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திறந்தாள். திரையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் அரவைக் கூடத்துத் தூசி நோயாளிகளின் அட்டைகள். மற்றொன்றில் தொழிற்சாலை அனுப்பிய, இன்று வேலையில் இருப்பவர்களின் பட்டியல். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு. புத்தகத்தில் சொன்னபடி கோட்டின் மேல் இரண்டு முறை தட்டினாள். ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதில் மூன்று வரிகள். முதல் வரி தேர்வு செய்யப்பட்டிருந்தது.

இஸ்க்ரா அகராதியைப் புரட்டி மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு பட்டியல்லயும் இருக்கறவங்களை மட்டும் காட்டு."

தோன்காவுக்கு அப்போது புரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் தொழிற்சாலை அடையாள எண் அழகாக வரட்டும் என்று ஸ்வெத்லின் அந்த இரண்டாவது பட்டியலைக் கோர்த்திருக்கிறான். அவ்வளவுதான் காரணம். செத்தவர்களும் நோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்கள்?

தோன்கா இரண்டாவது வரியைத் தேர்வு செய்தாள். அட்டையில் இருக்கும் எல்லாரையும் காட்டு. மற்றதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நூற்றுப் பதினேழு பேர்.

ஜப்ரியான் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்.

"நம்பர் காலியா இருக்கு," என்றாள் இஸ்க்ரா. அப்பாவின் பெயருக்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்திருந்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்."

ஸ்வெத்லின் தாளைப் பார்த்ததும் முகம் சிவந்தான். "சின்ன விஷயம்க்கா. ஒரு கோடுதானே."

"எழுபத்தாறு பேரை வெளிய தள்ளியிருக்கே. சின்ன விஷயமாடா இது?"

சத்தம் கேட்டுக் கரம்ஃபிலோவ் வந்தார். நாற்பத்தொரு பேர் அறிக்கை நேற்றே குழுவுக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். குழு கேட்டது இப்போது வேலையில் இருப்பவர்களைத்தான் என்றார். தோன்கா குழுவின் கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்: 'இதுவரை கண்டறியப்பட்ட அனைவரும்.'

"செத்தவங்களுக்கு இனிமே தூசி படாது, தோன்கா," என்றார் அவர்.

இஸ்க்ரா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை குழு கூடியிருந்த அறைக்குள் தோன்கா யாரும் கூப்பிடாமலே நுழைந்தாள். குழுவின் தலைவி மவ்ரோதியேவா என்ற நரைத்த பெண்மணி. தோன்கா அவள் முன்னால் நாலு தாள்களை வைத்தாள்.

"உங்க கையில இருக்கறதுல செத்தவங்க இல்லம்மா. இதுல இருக்காங்க."

"அது ஏதோ பழைய வரைவு," என்றார் கரம்ஃபிலோவ்.

தலைவி அவரைக் கவனிக்கவில்லை. "இது யார் செஞ்சது?"

"நான்தான்."

"இது சரின்னு நான் எப்படி நம்பறது?"

"அட்டையெல்லாம் கீழ டிராயர்ல இருக்கு. எந்தப் பேரு வேணும்னாலும் சொல்லுங்க, எடுத்துட்டு வரேன்."

தலைவி பதினொரு பெயர்களில் கோடிட்டாள். தோன்கா படியிறங்கிப் போய்ப் பதினொரு அட்டைகளோடு ஏறி வந்தாள். பத்து சரியாக இருந்தன. ஒன்றில் வருஷம் மாறியிருந்தது.

"இது நான் தப்பாத் தட்டினது," என்றாள். அதைச் சொல்லும்போது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்வெத்லின் மேல் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை அரவைக் கூடத்தைப் பூட்டினார்கள். தூசியை உறிஞ்சும் குழாய்கள் பொருத்தி மறுபடி திறக்க இலையுதிர்காலம் ஆகிவிட்டது. அதுவரை வேலையில்லாமல் இருந்தவர்களின் வீட்டுப் பெண்கள் சிலர் சந்தையில் தோன்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, "எங்க அடுப்பை அணைச்சவ போறா பாரு," என்று காதுபடவே சொன்னாள். தோன்கா நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்கு வந்து மிளகாயை வறுத்துத் தோலுரிக்கும்போது விரல் சுட்டது. யாரையென்று இல்லாமல் திட்டித் தீர்த்தாள்.

கரம்ஃபிலோவ் தன் நாற்காலியிலேயே இருந்தார். அவளை மட்டும் கீழே சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார். ஸ்வெத்லின் சோஃபியாவுக்குத் திரும்பிப் போனான்.

கூடம் இன்னும் பூட்டியே இருந்த ஆகஸ்டில் மாகாணம் மறுபடி அறிக்கை கேட்டது. ஜன்னலிலிருந்த தொலைபேசி மணி அடித்தது. கரம்ஃபிலோவ்தான்.

"தோன்கா, அந்த அறிக்கையை நீயே போட்டுடேன். மேல இங்க யாருக்கும் வரல."

"போடறேன் டாக்டர். ஆனா யாரை விடணும், யாரைச் சேர்க்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

மறுமுனையில் கரண்டி கோப்பையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒட்டாத குரலில், "அனுப்பறேன்," என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து இஸ்க்ரா கரம்ஃபிலோவ் கையெழுத்திட்ட தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'இதுவரை கண்டறியப்பட்ட அனைவரும், இறந்தவர்கள் உட்பட' என்று எழுதியிருந்தது. தோன்கா அதை இரண்டு முறை படித்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு, வரிசையில் நின்றவர்களை அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அறிக்கை போட மாடி ஏறினாள்.