செல்லா, உப்பு!

நல்லகாமன் உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். அவர் வாயைத் திறந்தால் வண்டியே சிரிக்கும் என்பார்கள். ஓய்வு பெற்ற அன்று டிக்கெட் பையோடு பேச்சையும் டெப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தார் போலிருக்கிறது. மதுரை கோச்சடை வீட்டில் மனைவி செல்லத்தாயிடம் அவர் பேசுவது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை தேறாது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது சமாதானம் ஆகலாம். இதற்கு என்ன செய்வது? ஒரே மகள் முத்துமீனாவும் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள்.

ஒரு நாள் கைமறதியாகக் குழம்பில் உப்பு குறைந்துவிட்டது. டைனிங் டேபிளிலிருந்து குரல் வந்தது.

"செல்லா, உப்பு!"

அடுப்படியில் நின்றவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "இந்தா வாரேன்" என்று ஜாடியோடு ஓடினாள். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் மேசையில் வைத்தாள். அவர் எடுத்துப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்து, "போதும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் அவள் அவர் பக்கத்தில் நின்றாள்.

அன்றிலிருந்து மதியக் குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்தே போட்டாள். கள்ளத்தனம்தான். இருக்கட்டுமே! மூன்று வருடம், தினமும் ஒரு தடவை, அவள் பெயர் அந்த வீட்டில் கேட்டது.

வினை மகள் ரூபத்தில் வந்தது. கிரைண்டர் அனுப்பியிருப்பதாகப் போன் செய்தாள். மாவாட்டத்தான் என்று நினைத்து செல்லத்தாய் மேடையில் இடம்கூட ஒதுக்கி வைத்தாள். வந்ததோ ஒரு சாண் உயரத்தில் இரண்டு மரக் குடுவைகள். வெளிர் மரத்தில் உப்பு, கறுத்த மரத்தில் மிளகு. கைக்கு வாகாக இடுப்பு சிறுத்து, வழவழவென்று இருந்தன. தலையைத் திருகினால் அப்போதே அரைத்துத் தூளாகத் தூவும். மேசையில் சிந்தாமலிருக்க குடுவைக்கொரு சின்னத் தட்டு வேறு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"இனிமே அப்பா உன்னையக் கூப்பிடவே வேணாம்மா. பாவம், எம்புட்டு நடை நடக்குற!" என்றாள் மகள் வீடியோ காலில். செல்லத்தாய் சிரித்து வைத்தாள்.

நல்லகாமனுக்கு அது பிடித்துப்போயிற்று. கரக் கரக்கென்று திருகினார், சாப்பிட்டார், எழுந்தார். அவள் இரண்டு சிட்டிகை குறைத்தாள். அவர் நாலு திருகு கூடத் திருகினார். உப்பே போடாமல் வைத்தாள். அதற்கும் திருகினாரே தவிரத் தலை நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் வெளிர் குடுவையைக் கழற்றி, உப்பை முழுக்க ஜாடியில் கொட்டிவிட்டாள். மதியம் உப்பில்லாத குழம்பை ஊற்றிவிட்டு, மேசை தெரிகிற மாதிரி அடுப்படி வாசலில், ஜாடி மூடியில் கைவைத்து நின்றாள். இன்றைக்குக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

குடுவை வெறுமனே சுழன்றது. அவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தலைகீழாகத் தட்டிப் பார்த்தார். பிறகு அதன் தட்டிலேயே வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். வழித்துச் சாப்பிட்டு, கை கழுவி, செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

செல்லத்தாய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டாள். ஒரு வாய் வைத்ததும் குமட்டியது. வெறும் புளித்தண்ணீர். இதையும் விழுங்க முடிந்த மனுஷனுக்குத் தன்னைக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லையே என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"செல்லா, உப்பு!" என்றாள், சத்தமாகவே.

"இந்தா வாரேன்."

எழுந்து போய் ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சுற்றிவந்து உட்கார்ந்து, எடுத்துப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.