பானக அண்டாவுக்குப் பக்கத்தில்

அறிவுச்செல்வி கண்ணாடி முன்னால் நின்று தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் வழக்கம்போல சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டாள். ஆனால் எதுவும் சாப்பிடவில்லை. மாவிளக்கு வைக்கிறவரைக்கும் விரதம்.

"ரெண்டு இட்லியாவது தின்னுட்டுப் போ" என்றேன்.

"ஏனுங்க, வருசத்துல ஒரு நாளு. கோயில்ல பானகம் ஊத்துவாங்க, குடிச்சுக்கறேன். நீங்க வண்டியை எடுங்க."

கோயில் முனையில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனேன். அம்மன் நோம்பித் திருவிழாக் கூட்டம், பரமத்தி வேலூர் ரோடு வரைக்கும் வண்டிகள். திரும்பி வருகிற வழியில் குலவைச் சத்தம் கேட்டது. நோம்பியில் குலவை கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தக் குலவை அவளுக்காகத்தான் போட்டார்கள். அவளுக்கு உடம்பு நடுங்கியிருக்கிறது, வேர்த்துக் கொட்டியிருக்கிறது, வாய் குழறியிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு அப்படித்தான் வரும்; வீட்டில் இரண்டு முறை வந்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் சரியாகியிருக்கிறது. கோயிலில் அவளுக்கு அம்மன் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். கையில் வேப்பிலை கொடுத்தார்கள், தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மழை எப்போது என்று கேட்டார்கள். கீழே சாய்ந்தபோது சாமி மலையேறிவிட்டது என்று ஓரமாகப் படுக்கவைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கூட்டத்துக்குள் நான் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பிறகு நாமக்கல் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கையில் இருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "அம்மனே கூட்டிக்கிட்டா சாமி." இரண்டு பேர் அவள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இழவு வீட்டில் யாரிடம் கத்துவது?

பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டு மயிலம்மாள் அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"கண்ணு சொருகறப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தானுங்க இருந்துச்சு. ஆனா அத்தன பேரும் கும்புட்டுட்டு நிக்கறாங்க. நா ஒருத்தி மட்டும் இது சாமியில்லீன்னு எப்புடிங்க சொல்றது?"

பானகம் ஊற்றிக்கொண்டிருந்த தனபாலையும் கேட்டேன். கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். "எங்கம்மாவுக்கும் சுகருங்கண்ணா. பாத்ததும் டக்குனு தோணுச்சு. டம்ளரைக் கையில எடுத்துட்டேன். ஒருத்தரும் அசையில. சரி, நமக்குத்தான் தெரியிலயாட்டன்னு வெச்சுட்டேன்."

இன்னும் பல வீடுகளில் கேட்டேன். எல்லோருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. அடுத்தவனுக்குச் சந்தேகமில்லை என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள். மகள் மோனிஷாவின் காலேஜ் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பாரா இருக்கிறது: கூட்டத்தில் இருக்கும் மனிதன் என்ன நடக்கிறது என்பதை அடுத்தவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறான்; அந்த அடுத்தவரும் இவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மார்ஜினில் பென்சிலால் 'ஐந்து மார்க்' என்று எழுதியிருந்தாள்.

இந்த வருடம் நோம்பிக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மைக்கில் அடிக்கடி சொல்ல வேண்டும்: யாருக்காவது நடுக்கம் வந்தால், சாமியோ என்னவோ, நினைவிருக்கும்போதே உட்காரவைத்து ஒரு டம்ளர் பானகம் கொடுங்கள், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யுங்கள். இதற்குச் செலவில்லை. சாமிக்கும் குறைவில்லை.

கமிட்டித் தலைவர் குழந்தைவேல் சிரித்தார். "மாப்பள, போற போக்கப் பாத்தா அம்மனுக்கே சுகர் டெஸ்ட் எடுக்கோணும்பீங்களாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்க வருத்தம் புரியுதுங்க. வேற ஆருக்காச்சும் இப்புடி ஒரு எண்ணம் இருக்குதா? இருந்தா தாராளமாச் சொல்லுங்க."

நான் மயிலம்மாளைப் பார்த்தேன். அவள் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தனபால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொறவென்ன, அல்லாரும் ஒரே மனசாத்தான் இருக்கறாங்க" என்று குழந்தைவேல் அடுத்து வாணவேடிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் தனபால் பின்னாலேயே ஓடிவந்தான். "அண்ணா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்டுங்க. பேசலாம்னுதான் இருந்தேன். ஆரும் வாயத் தொறக்கிலீங்களே."

மயிலம்மாளும் வந்து சேர்ந்தாள். "எனக்கும் அதேதானுங்க."

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

மயிலம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா தனபாலு, உனக்குமா?"

"உங்களுக்குமாங்கக்கா?"

"சரி, இப்பவே திரும்பிப் போலாம், வாங்க" என்றேன். "குழந்தைவேல் இன்னும் அங்கதான் இருக்கறாரு. மூணு பேராச் சொல்லலாம்."

இரண்டு பேரும் அசையவில்லை. "இப்பவாங்க?" என்றாள் மயிலம்மாள். "முடிஞ்சு போனதப் போயி மறுபடி கெளறுனா ஒரு மாதிரி நெனைப்பாங்கொ. இன்னும் நாலு பேரு சேரட்டுமுங்க."

தனபால் தலையாட்டினான். நான் நடந்துவிட்டேன். அதற்குமேல் பேசினால் என் வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது.

நோம்பியன்று நான் காலையிலேயே போய்க் கோயிலில் நின்றேன். மைக்கில் நிறையச் சொன்னார்கள். மஞ்சள் சட்டை போட்ட பையனைக் காணவில்லை, ரோட்டை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கவும், பக்தர்கள் நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். நான் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. உச்சிவேளைக்குள் மூன்று இடங்களில் குலவை எழுந்தது. மூன்று தடவையும் கூட்டத்தை இடித்துக்கொண்டு டம்ளரோடு ஓடினேன். சாமியாடிய பெண்கள் என்னை முறைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடினார்கள். "அவருக்குப் பொண்டாட்டி போனதுலிருந்து இப்புடித்தான்" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

டம்ளரைத் திருப்பி வைக்க வந்தேன். போன வருடம் நின்ற அதே பந்தல் காலுக்குப் பக்கத்தில்தான் தனபால் அண்டாவோடு நின்றுகொண்டிருந்தான். அவளைப் படுக்கவைத்த இடத்திலிருந்து கையை நீட்டினால் அண்டா எட்டும்.