வெறும் தண்ணீரில் கட்டங்கள்

ஆய்வகத்தில் என்னோடு இருந்த அர்வோ வேலை மாறி அலாஸ்காவுக்குப் போய் இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. அவன் விட்டுப்போனது ஒன்பதாயிரம் படங்கள். டுலூத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் நாங்கள் பொருத்திய கேமரா பத்து நொடிக்கு ஒன்றாக எடுத்தவை. படத்தில், முங்கி மீன் பிடிக்கும் லூன் பறவை இருக்கும் இடத்தைச் சுற்றி அவன் கட்டம் வரைந்து பெயரிட்டிருந்தான். அவற்றைப் பார்த்துத்தான் கணினி பறவையை அடையாளம் காணப் பழகும்.

புதிதாக வந்த மென்பொருள் அந்தக் கோப்புகளைப் படிக்கவில்லை. வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது.

நிரல் எழுதி ஓட்டினேன். எல்லாக் கட்டங்களும் மேல் இடது பக்கமாக நகர்ந்து, பறவையில் கால்வாசியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன. பழைய வடிவம் கட்டத்தின் மேல் இடது மூலையைக் குறிக்கும், புதியது நடுவை. அதை மறந்திருந்தேன். திருத்தி மறுபடி ஓட்டினேன். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள் மட்டும் உள்ளே போக மறுத்தன. பட்டியலில் இல்லாத ஒரு பெயரை அர்வோ அவற்றுக்குக் கொடுத்திருந்தான்: 'கீழே'.

திறந்து பார்த்தேன். கட்டத்துக்குள் தண்ணீரைத் தவிர எதுவுமில்லை.

ஆய்வகத் தலைவி ஜெரல்டின் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன லெனோரா, உன் ஆளு பேய்க்கெல்லாம் கட்டம் போட்டிருக்கானா?"

"என் ஆளு இல்ல."

"சரி, என் ஆளு. தூக்கிப் போடு. இதையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடுத்தா நாளைக்கு வெறும் ஏரியப் பாத்து பறவைன்னு சொல்லும். வெள்ளிக்கிழமை பழைய சர்வர மூடுறாங்க, ஞாபகம் இருக்கா?"

அவள் சொன்னது சரிதான்.

நீக்குவதற்கு முன் ஒரு படத்துக்கு அடுத்து வந்தவற்றைத் திறந்தேன். தண்ணீர். மறுபடி தண்ணீர். நான்காவது படத்தில் லூன் மேலே வந்திருந்தது, அர்வோ கட்டம் வரைந்த அதே இடத்தில். வேறொன்றை எடுத்தேன். அதில் ஆறாவது படம். பறவை எங்கே எழும் என்று பார்த்துவிட்டு, அது மறைந்த படத்துக்குத் திரும்பி வந்து வரைந்திருக்கிறான். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.

அவன் கிளம்பிய அன்று கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். "ரோடு வழுக்கும், பாத்துப் போ" என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றான்.

'கீழே' கட்டங்களை எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, தொகுப்பிலிருந்து நீக்கினேன். மீதியை ஜெரல்டினுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அர்வோவுக்கு எழுதினேன். 'நீ வரைந்த 212 கட்டங்கள் புதிய வடிவத்தில் சேரவில்லை. என்னிடம் வைத்திருக்கிறேன்.' அதோடு முடித்திருக்கலாம். விரல்கள் விசைப்பலகையிலேயே இருந்தன. 'அன்று நான் சொல்ல நினைத்தது ரோட்டைப் பற்றி அல்ல' என்று சேர்த்து அனுப்பினேன்.

அலாஸ்காவில் மூன்று மணி நேரம் பின்னால். அவன் இன்னும் எழுந்திருக்க மாட்டான்.