ஆள்காட்டி விரல்

1
ஒரகடம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் யாரிடமோ போனில் சொன்னாள்: "அந்த வெரலு என்னுதே இல்லக்கா." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். மிச்சத்தை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2
'அச்சோவியத்தில் கணினியைப் புகுத்திய முன்னோடி சசிரேகா, தன்னுடைய...'

(அந்த வரியை அடித்துவிட்டேன். விருது விழா வாசகம்.)

சுங்குவார்சத்திரத்தில் அறையெடுத்து, கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களின் கைகளை ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்தாள் சசிரேகா. கணினியில் ஒருத்தியின் உள்ளங்கையோடு இன்னொருத்தியின் விரலைச் சேர்த்தாள். அதைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுத்தாள். அதற்குமுன் இந்தப் பக்கம் யாரும் அப்படிச் செய்ததில்லை.

(அசல் படங்களை அழித்துவிட்டாள். கதைக்காக நான் செய்த சதி அல்ல; அன்று அவளுக்கு அவை வெறும் கச்சாப்பொருள்.)

3
மறு வருடம், அந்தப் பெண்களில் ஒருத்தியான சௌந்தர்யாவின் ஆள்காட்டி விரலை மிஷின் துண்டித்தது. நஷ்டஈடு கேட்டதற்கு, 'வேலைக்குச் சேரும்போதே அந்த விரல் இல்லை' என்றது கம்பெனி.

சௌந்தர்யா சசிரேகாவிடம் ஓடி வந்தாள். "நான் வேலைல சேந்தப்புறம்தானேக்கா என் கைய படம் எடுத்த? உன் படத்துல வெரலு முழுசா கீது. அத்த ஆபீசராண்ட காட்டு, போதும்."

சசிரேகா படத்தைப் பார்த்தாள். உள்ளங்கை சௌந்தர்யாவுடையது. ஆள்காட்டி விரல் மாடத்தியுடையது. அதே லைனில் பக்கத்து மிஷினில் நிற்பவள்.

மாடத்தியைப் போனில் பிடித்து, சாட்சி சொல்ல வருவாளா என்று கேட்டாள்.

"அவ வெரலு நல்லாத்தான் இருந்துச்சு. தெனமும் பாத்திருக்கேன். ஆனா எம் பேரச் சொல்லிராதிய யக்கா. அன்னைக்கே வெளிய அனுப்பிருவாவ. ஊர்ல ரெண்டு புள்ளைய கெடக்கு."

4
விசாரணை அதிகாரி படத்தை உயர்த்திப் பிடித்தார். "இது இவங்க கைதானா? விரலும்?"

சௌந்தர்யா துப்பட்டாவுக்குள் கையை இறுக்கிக்கொண்டாள்.

நான் எழுதிய முதல் வரைவில் சசிரேகா 'ஆமாம்' என்றாள். கம்பெனி வக்கீல் அசல் படத்தைக் கேட்டார். பொய்யின் சாயம் வெளுத்தது, சௌந்தர்யாவின் உண்மையும் அதோடு போயிற்று. கிழித்தேன்.

இரண்டாவதில் 'இல்லை' என்றாள். அதிகாரி படத்தைத் திருப்பிக் கொடுத்தார். சௌந்தர்யா தனியாகப் படியிறங்கிப் போனாள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது இது.

"வெரல் வேற ஒருத்தரோடது சார். இவ பக்கத்து மிஷின்ல வேல பாக்கறவங்க. இவ கைய தெனம் பாத்தவங்க."

"பேரு?"

அதிகாரியின் பேனா தாளைத் தொட்டு நிற்கிறது. சௌந்தர்யா சசிரேகாவின் வாயையே பார்க்கிறாள்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. பெயர் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அதிகாரி காத்திருக்கிறார்.